வீட்டுத் திறப்பு யாருடைய கையில்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புதிய அணி மாணவர்களுக்கு அனுமதி கிடைத்ததும் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் வாடகை அறை தேடும் பெற்றோரின் நடமாட்டம் தொடங்கிவிடும். மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிற தாய் தகப்பன்மாரும், அநுராதபுரத்திலிருந்தும் மாத்தறையிலிருந்தும் வருகிற சிங்களப் பெற்றோரும் ஆடியபாதம் வீதியிலும் இராமநாதன் வீதியிலும் ஒவ்வொரு கேற்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். கேட்கும் கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றேதான். மாதம் எவ்வளவு? முற்பணம் எத்தனை மாதத்துக்கு? குளியலறை உள்ளேயா, வெளியேயா? சமைக்க விடுவீர்களா? இரவில் எத்தனை மணிக்குக் கேற்றைப் பூட்டுவீர்கள்?

இந்த அறையின் திறப்பு இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

குடாநாட்டின் வாடகை வீடுகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் குடும்பம் குடும்பமாகப் புலம்பெயர்ந்ததால், பல வீடுகளின் உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருப்பார். உள்ளூரில் உறவினர் ஒருவரிடம் அற்றோனித் தத்துவம் இருக்கும். அவருக்கும் வேலை, பிள்ளைகள், ஆயிரம் சோலி. நாளாந்தம் அந்த வளவுக்குள் வந்து போகிறவர் ‘வீட்டைப் பார்க்கிற’ இன்னொருவர். வாடகை வாங்குவது அவர். தண்ணீர் மோட்டார் நின்றால் ஆள் கூட்டி வருவது அவர். தேங்காய் பிடுங்க, கிணறு இறைக்க, வேலி அடைக்க, ஓடு மாற்ற, மின்விசிறி பூட்ட என்று வருகிற ஒவ்வொருவருக்கும் கேற்றைத் திறந்துவிடுவதும் அவர்தான். வீட்டின் திறப்புக் கோர்வை அவருடைய மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடக்கும். போன ஆண்டு இருந்த மாணவிகள் திருப்பிக் கொடுத்த திறப்பும், அவர்கள் நகல் அடித்து வைத்திருந்த திறப்பும், இந்த ஆண்டு வந்தவர்களுக்குக் கொடுத்த திறப்பும் ஒரே பூட்டுக்கு உரியவை.

அந்த வளவுக்குள் பின்பக்கக் கிணற்றடியும் குளியலறையும் பல வீடுகளில் இன்னும் பொதுவாகவே இருக்கின்றன. பின்னேரம் விரிவுரை முடிந்து வருகிற பெண்பிள்ளை, அங்கே கூரையில் ஏறி நிற்கிற இரண்டு அறியாத ஆட்களைக் கண்டு, குளிக்காமலே அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். அவர்கள் யார், எத்தனை நாள் வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் அனுப்பிய ஆட்கள் என்ற அளவில் அது முடிந்துவிடும்.

இந்தச் சூழலில்தான் “அந்த ஆள் உள்ளுக்குப் போய் வந்தவராம்” என்ற பேச்சு அயலில் கிளம்புகிறது. உடனே இரண்டு விதமான எதிர்வினைகள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒருவருக்கும் காரணம் சொல்லாமல் வேறு வீடு தேடத் தொடங்குகிறார்கள். வீட்டுக்காரர் தரப்போ, “அவர் எங்களுக்கு வேண்டிய ஆள், ஒரு கரைச்சலும் இல்லை” என்று ஒரு வாக்கியத்தில் கதையை முடித்துவிடுகிறது. எதற்காக உள்ளே போனார், எப்போது போனார், இப்போது அவரிடம் எந்தத் திறப்பு இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் இரு தரப்பாரும் கேட்பதில்லை. வாடகைக்கு இருப்பவரின் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லும் கடமை வீட்டுக்காரருக்கு உண்டு. ஆனால் ‘சிறைக்குப் போனவரை வேலைக்கு வைக்காதே’ என்பது அந்தப் பதிலாக முடியாது. குடாநாட்டில் அது பாதுகாப்பையும் தராது, நீதியையும் தராது.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் பார்த்த ஒரு தீர்ப்பு, அமெரிக்காவின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 1983இல் வழங்கியது. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை நடத்திய நிறுவனம், குடியிருப்பு முகாமையாளராக ஒருவரை வேலைக்கு எடுத்தது. ஆயுதமுனைக் கொள்ளைக்கும் வீடுடைப்புக்கும் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து நிபந்தனையின் பேரில் வெளியே வந்திருந்தவர் அவர். குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று விண்ணப்பப் படிவம் கேட்ட இடத்தில், ஏதோ போக்குவரத்துத் தண்டம் என்ற அளவில் எழுதிவிட்டார். தன்னைத் தெரிந்தவர்கள் என்று அவர் கொடுத்த இரண்டு பெயர்களும் தாயுடையதும் சகோதரியுடையதும். யாரும் விசாரிக்கவில்லை. எல்லா வீடுகளையும் திறக்கிற பொதுத் திறப்பு அவர் கைக்குப் போனது. 1978 செப்டெம்பரில் அந்தத் திறப்பைக் கொண்டு ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்து அவரைப் பாலியல் வன்புணர்வுக்கு உட்படுத்தினார்.

பாதிக்கப்பட்டவர் குடியிருப்பு உரிமையாளர்கள் மீது வழக்குத் தொடுத்து வென்றார். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: எவ்வளவு விசாரிக்க வேண்டும் என்பது எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பிறருடைய வீட்டுக்குள் போகும் வழியைக் கையில் கொடுக்கிற வேலை என்றால் உரிமையாளர் கூடுதலாக விசாரிக்கக் கடமைப்பட்டவர். விசாரிக்காமல் விட்டால் வருகிற தீங்குக்கு அவரே பொறுப்பு. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. குற்றப் பதிவு உள்ளவர்களை வேலைக்கே எடுக்கக் கூடாது என்று தாம் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் தவறியவர்களை மீட்டெடுக்க வேண்டும் என்ற சமூகத்தின் பொறுப்புக்கு அது விரோதமாகும் என்றும் நீதிபதிகள் தெளிவாக எழுதினார்கள். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்த்த தீர்ப்பு என்று அதைச் சொல்லலாம்.

தீர்ப்பு மட்டும் போதவில்லை. அதே மாநிலத்தில் குடியிருப்பு முகாமையாளர் ஒருவரால் இன்னொரு பெண் கொல்லப்பட்டார். அவருடைய பெயரில் 1995இல் காரி கொஸ்கினன் சட்டம் வந்தது. வீடுகளுக்குள் நுழையும் வசதியுள்ள முகாமையாளரின் பின்னணியை உரிமையாளர் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று அது விதித்தது. குற்றங்களை அது ஒரே கூடையில் போடவில்லை. கொலை போன்ற மிகக் கொடிய குற்றங்கள் இருந்தால் அந்த வேலை ஒருபோதும் இல்லை. வேறு சில குற்றங்கள் என்றால் தண்டனை முடிந்து பத்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத குற்றத்துக்குத் தடையும் இல்லை.

பின்னணிச் சோதனை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு எதிர்ச்சாட்சி புளோரிடாவில் இருக்கிறது. 2021 செப்டெம்பரில் ஒர்லாண்டோ நகரில், தான் வசித்த குடியிருப்பின் அலுவலகத்திலேயே பகுதிநேரமாக வேலை செய்த 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் காணாமல் போய், ஒரு வாரம் கழித்துச் சடலமாக மீட்கப்பட்டார். பொலிஸார் சந்தேகித்த ஒரே ஆள் அங்கே பராமரிப்பு வேலை செய்தவர். அவரும் உயிரை மாய்த்துக்கொண்டார். மாணவி வீடு திரும்புவதற்குச் சற்று முன் அவருடைய அறை பொதுத் திறப்பால் திறக்கப்பட்டிருந்தது. அந்த ஊழியரின் பின்னணி சோதிக்கப்பட்டதென்றும் பாரதூரமாக எதுவும் அகப்படவில்லை என்றும் குடியிருப்பு நிர்வாகம் அறிவித்தது. அவர் அந்த மாணவியைக் காதலிப்பதாகச் சொல்லித் தொடர்ந்து நெருங்க முயன்றதையும், மாணவி மறுத்துவந்ததையும் விசாரணையாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஆபத்தின் அடையாளம் எந்தப் பதிவேட்டிலும் இருக்கவில்லை. கண்முன் நடந்துகொண்டிருந்த நடத்தையில் இருந்தது.

அடுத்த ஆண்டு அந்த மாணவியின் பெயரில் புளோரிடா நிறைவேற்றிய ‘மியா சட்டம்’ பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டின் திறப்பும் எப்போது, யாருக்குக் கொடுக்கப்பட்டது, எப்போது திரும்பி வந்தது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றது. திருத்த வேலைக்காக உள்ளே போவதற்கு 12 மணித்தியால முன்னறிவித்தல் போதும் என்றிருந்ததை 24 மணித்தியாலமாக்கியது. அந்தச் சட்டத்தின் உயிர் இந்த இரண்டு விதிகளில்தான் இருக்கிறது. பின்னணிச் சோதனை முன்பு அகப்பட்டவரை மட்டுமே காட்டும். திறப்புப் பதிவேடு, இன்றைக்கு உள்ளே போகிறவரைக் காட்டும்.

நமக்கு அருகே நடந்தவையும் இதையே சொல்கின்றன. 2012 ஓகஸ்டில் மும்பையின் வடாலாவில் 25 வயதுப் பெண் வழக்கறிஞர் ஒருவர் தன் வீட்டுக்குள் கொல்லப்பட்டார். கொன்றவர் அந்தக் கட்டடத்தின் காவலாளி. வீட்டின் மின்சாரத்தைத் துண்டித்து, திருத்த வந்த மின் பணியாளருடன் சேர்ந்து தானும் உள்ளே போய், வீட்டுத் திறப்பைக் களவெடுத்துக்கொண்டு வந்து, இரவில் அதைக் கொண்டு நுழைந்தார் என்பது வழக்கு. 2014இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை அயனாவரத்தில் 2018 ஜூலையில் வெளிவந்த கொடுமையைத் தமிழ் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கேட்கும் திறன் குறைந்த ஒரு சிறுமியைப் பல மாதங்களாகச் சீரழித்ததாகக் கைதான 17 பேரில் மின்தூக்கி இயக்குபவர், காவலாளிகள், குழாய் வேலைக்காரர்கள், தண்ணீர் கொண்டுவருபவர்கள் இருந்தார்கள். 2020 பெப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. எல்லோருக்கும் நாளாந்தம் தெரிந்த முகங்கள். யார் எப்போது மேலே போனார், ஏன் போனார் என்று ஒருவரும் குறித்து வைக்காத ஒரு கட்டடம் அது.

யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பாடங்களை அப்படியே தூக்கி வைக்க முடியாது. காரணம், இங்கே ‘பொலிஸில் பெயர் இருக்கிறது’ என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு.

2007 ஜூன் 7 விடியற்காலை கொழும்பு வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்களும் அதற்குள் அடக்கம். மறுநாளே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அது பெருந்தவறு என்று அப்போதைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வாடகை அறையில் இருப்பவரின் விபரத்தைப் பொலிஸுக்குக் கொடுக்கிற ஏற்பாடு எங்கே போய் முடியும் என்பதை அன்று லொட்ஜிலிருந்து இறக்கப்பட்ட யாழ்ப்பாணத்தவர்களும் கண்டார்கள். போர் முடிந்த பின், 2011இல், யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைப் பதிவு செய்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

குற்றப் பதிவு என்ற சொல்லுக்குள் இங்கே யார் யார் அடங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க இடம் கொடுத்தது. 2022இல்தான் அது 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, குற்றம் நிரூபிக்கப்படாமல் வீடு திரும்பியவர்கள் பலர். 2009க்குப் பின் ‘புனர்வாழ்வு’ பெற்று வெளியே வந்த முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேர். அவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை விதிக்கவில்லை. ஆனாலும் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் ‘அவர் முந்தி அங்கே இருந்தவர்’ என்ற ஒரே வரியில் கதவு சாத்தப்பட்டது. மேசன் வேலைக்கும் மரம் ஏறவும் வீடு பார்க்கவும் வந்தவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். வேறு எவரும் வேலை கொடுக்காததால் வந்தவர்கள் அவர்கள். 2023 டிசெம்பர் 17இல் தொடங்கிய ‘யுக்திய’ போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் நாடு முழுக்க ஆயிரமாயிரமாய்க் கைது செய்யப்பட்டவர்களும், கசிப்பு வழக்கில் தண்டப் பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போனவர்களும் அதே ‘உள்ளுக்குப் போய் வந்தவர்’ பட்டியலில்தான் சேர்கிறார்கள். பெண்ணொருத்தியின் அறைக்குள் அத்துமீறியதற்காகத் தண்டனை பெற்றவரையும் இவர்களையும் ஒரே பெயரால் அழைக்கிற அயல், உண்மையான ஆபத்தை அடையாளம் காணும் திறனை இழந்துவிடுகிறது.

இன்னொரு பழைய சோதனை முறையும் இங்கே உண்டு. வேலைக்கு ஒருவரைக் கூட்டி வந்தால் முதலில் எழும் கேள்வி, “யாற்றை பெடியன்?” என்பது. ஊரையும் குடும்பத்தையும் கேட்பதுபோல் சாதியைக் கேட்பது அது. பதில் திருப்தியாக இருந்தால் திறப்புக் கோர்வை கை மாறும். இல்லையென்றால் கிணற்றடிக்கே விடமாட்டார்கள். இந்த விசாரிப்பு ஒருவருடைய நடத்தையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை’ மீது வந்த முறைப்பாடுகளை மூடி மறைப்பதற்கே இது அதிகம் உதவியிருக்கிறது. பாதுகாப்பின் பெயரால் இதைத் தொடர்கிறவர்கள் அதைக் கைவிட வேண்டும்.

குற்றம் செய்த ஒருவர் எவ்வளவு காலத்துக்கு ஆபத்தானவர்? 2009இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அல்பிரட் புளும்ஸ்ரீனும் கிமினோரி நகமுராவும் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் பார்த்தது. நியூயோர்க் மாநிலத்தில் 1980இல் முதல் தடவையாகக் கைதானவர்களின் பிந்திய வாழ்வைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. 18 வயதில் கொள்ளைக்காகக் கைதான ஒருவர் அதன்பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வேறு குற்றமின்றி இருந்தால், அவர் மீண்டும் கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றவர்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வீடுடைப்புக்கு அந்தக் காலம் நான்கு ஆண்டுக்கும் குறைவு. அமெரிக்கக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டுக்கு முந்திய ஒரு வழக்கை இன்றும் நெற்றியில் ஒட்டி வைத்துப் பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை என்பதை அது காட்டுகிறது.

அப்படியானால் வீட்டுக்காரர் என்னதான் செய்ய வேண்டும்? முதலில், வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வளவில் பகலில் புல்லுச் செருக்குகிறவரும், அறைகளின் திறப்பை வைத்திருப்பவரும் ஒன்றல்ல. திறப்பு வைத்திருப்பவரைப் பற்றி மட்டும் கறாராக விசாரிக்க வேண்டும். அதற்கு இங்கே ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. கிராம அலுவலர் வழங்குகிற வதிவிட, நற்சான்றிதழ்ப் படிவத்தில் விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும், அவர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரா என்ற கேள்விகள் உண்டு. பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும் அந்தத் தாள் வங்கிக் கணக்குக்கும் மின் இணைப்புக்கும் கேட்கப்படுகிறது. ஆறு பெண்பிள்ளைகள் தூங்குகிற வீட்டின் திறப்பை ஒப்படைக்கும்போது அது கேட்கப்படுவதில்லை. கிராம அலுவலருக்குத் தெரிந்தது அவருடைய பிரிவுக்குள் நடப்பது மட்டும்தான் என்பது உண்மை. வேறு மாவட்டத்தில் நடந்த வழக்கு அவருடைய காதுக்கு எட்டாமல் போகலாம். ஆகவே முன்பு வேலை பார்த்த இரண்டு வீட்டாரிடமாவது, உறவினர் அல்லாதவர்களாகப் பார்த்து, நேரில் விசாரிப்பது இன்னும் பயன் தரும். அங்கே இருந்த பெண்கள் அவரைப் பற்றி முறைப்பட்டார்களா என்ற கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

தண்டனை இருந்தது தெரியவந்தால், எந்தக் குற்றம் என்பதே கேள்வி. பெண்களுக்கோ பிள்ளைகளுக்கோ எதிரான வன்முறை, பாலியல் குற்றம், வீடுடைப்பு என்றால் திறப்புள்ள வேலை வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டவர், புனர்வாழ்வு பெற்றவர், தண்டப் பணம் கட்டாமல் போனவர் என்றால் அதை ஒரு காரணமாக எடுக்கவே கூடாது. இப்படி அறிந்துகொண்ட விடயத்தை வைபர் குழுவில் போட்டு ஊர் முழுக்கப் பரப்புவதும் தவறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்ற வழக்கும் தண்டனையும் பற்றிய விபரங்களை விசேட பாதுகாப்புக்குரிய தரவுகளில் சேர்த்திருக்கிறது.

வாடகைக்கு இருப்பவருக்கு இலங்கைச் சட்டம் தருவது போதாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் கவனம் வாடகைத் தொகையிலும் வெளியேற்றத்திலும் நிற்கிறது. வீட்டுக்காரரின் ஆட்கள் எப்போது உள்ளே வரலாம், யாரை அனுப்பலாம் என்பதைப் பற்றி அது அக்கறைப்படவில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மாணவர் அறைகளோ மாதத்துக்கு மாதம் வாய்ப் பேச்சில் ஓடுகின்றன. கடல் கடந்தால் தமிழ்நாட்டில், 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி உரிமையாளர் உள்ளே வருவதென்றால் 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இங்கே அப்படி ஒரு வரி எழுத நாடாளுமன்றத்துக்குப் பெரிய சிரமம் இருக்காது.

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்கத் தேவையில்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவு, இன்னொருவரின் ‘வசத்தில்’ உள்ள இடத்துக்குள் குற்றம் செய்யவோ, அங்கே இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ நினைத்து நுழைவதைக் குற்றவியல் அத்துமீறல் என்கிறது. உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது அங்கே கேள்வியல்ல. வாடகை கட்டி ஒருவர் இருக்கிற அறை அவருடைய வசத்தில் உள்ளது. அந்த எண்ணத்தோடு நுழைந்தால் வீட்டைப் பார்க்கிறவருக்கும், ஏன், வீட்டுக்காரருக்கே கூட, அந்தப் பிரிவு பொருந்தும். “என்ரை வீடு, நான் எப்பவும் வருவன்” என்று சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அறை எடுக்க வருகிற பெற்றோர் வாடகையைப் பேசும்போதே கேட்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. புதிய ஆட்கள் வரும்போது பூட்டு மாற்றப்படுமா? வேறு திறப்பு யாரிடம்? திருத்த வேலைக்கு ஆள் வந்தால் முதல் நாளே பெயரும் தொலைபேசி இலக்கமும் பிள்ளைகளுக்கு அனுப்பப்படுமா? பிள்ளைகள் இல்லாத நேரத்தில் யாரும் உள்ளே போவார்களா? உள்ளே தாழ்ப்பாள் உண்டா? இவற்றை ஒரு தாளில் எழுதி இரு பகுதியும் ஒப்பம் வைத்துக்கொண்டால் போதும். சட்டத்தரணியும் முத்திரையும் தேவையில்லை. மறுக்கிற வீட்டுக்காரர் இருந்தால் அந்த மறுப்பே போதிய பதில். சிங்கள மாணவிகளுக்கு இது இன்னும் அவசியம். வேலைக்கு வந்தவரோடும் அயலோடும் பேச மொழி இல்லாமல் அவர்கள் படுகிற அந்தரம், வேறு ஊரிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகள் படுவதைவிட அதிகம்.

முறைப்பாட்டுக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஒர்லாண்டோ மாணவிக்கு நடந்ததைப் போல, தீங்கு வருமுன் அறிகுறிகள் வருகின்றன. தேவையில்லாமல் வந்து நிற்பது, இரவில் குறுஞ்செய்தி அனுப்புவது, குளியலறைப் பக்கம் சுற்றுவது என்று அது தொடங்கும். பிள்ளை வீட்டுக்காரரிடம் சொன்னால், “தங்கச்சி, அவர் அப்பிடி ஆள் இல்லை” என்று பதில் வரும். தாய் தகப்பனிடம் சொன்னால் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம். பொலிஸுக்குப் போனால் பெயர் அடிபடும் என்ற பயம் அதைவிடப் பெரியது. ஆகவே அவள் சொல்லாமல் விடுகிறாள். அடுத்த ஆண்டு வருகிற பிள்ளை அதே அறைக்கு வருகிறாள். இந்தச் சங்கிலியைப் பல்கலைக்கழகம் அறுக்கலாம். மாணவர் நலன்புரிப் பகுதி வெளியே உள்ள தங்குமிடங்களின் பட்டியலொன்றைப் பேணி, பூட்டும் முன்னறிவித்தலும் பற்றிய நிபந்தனைகளுக்கு உடன்பட்ட வீடுகளை மட்டும் அதில் சேர்த்து, முறைப்பாடு வந்த வீட்டை எடுத்துவிட்டாலே வீட்டுக்காரர்களின் போக்கு மாறும். ஒவ்வோர் ஆண்டும் மாணவர் வருகிற ஊரில் வாடகை வருமானத்தை இழக்க யாரும் விரும்பமாட்டார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கிற தாதியருக்கும் இது தேவை. இரவுக் கடமை முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் அவர்கள். வேலையாட்கள் வீட்டுக்கு வருவதும் பகலில்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளும் காரணம் ஆகாது. வாடகையைக் கணக்கில் போடச் சொல்கிறவர் அந்த வீட்டுக்குள் தான் அனுப்புகிற ஆளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். சிறைக்குப் போய் வந்த ஒருவருக்கு வேலை கொடுத்திருந்தால் அது நல்ல காரியம். கொடுத்ததை மறைக்கத் தேவையில்லை, பறிக்கவும் தேவையில்லை. அவருக்கும் திறப்புப் பதிவேடு ஒரு காவல்தான். ஏதாவது களவு போனால் முதல் சந்தேகம் விழுவது அவர் மேல். அன்றைக்குத் திறப்பு அவரிடம் இருக்கவில்லை என்று எழுத்தில் காட்ட முடிந்தால் அவருடைய பெயரும் பிழைக்கும்.

குடாநாட்டில் வாடகைக்கு விட்ட வீடு வைத்திருந்துகொண்டு கனடாவிலோ ஐரோப்பாவிலோ இதை வாசிப்பவர்கள், இந்தக் கிழமை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது வாடகை வந்துவிட்டதா என்று கேட்பதற்கு முன், அறைத் திறப்புகள் எத்தனை, யார் யாரிடம் என்று கேளுங்கள். கணக்கு உதைத்தால் பூட்டை மாற்றச் சொல்லுங்கள். அதன் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். வாடகைக்கு இருக்கும் பெண்பிள்ளைகளிடம் உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 என்ற இரண்டையும் கதவுக்குப் பின்னால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.